கட்டளைக் கருவியின் இயல்பு நடத்தையை மாற்றும் முறை

கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில், அன்றன்று வந்த பச்சைத் தேயிலையின் எடையைக் கூட்டித் தரும் கட்டளைவரிக் கருவி (கட்டளையைத் தட்டச்சு செய்து ஓட்டும் நிரல்) ஒன்று இருப்பதாகக் கொள்வோம். நனைந்த இலைக்குரிய ஈரக் கழிவை, ஆப்ஷன் (கட்டளையோடு சேர்த்து எழுதும் தேர்வு) கொடுத்தால் மட்டுமே கழித்துவந்த அக்கருவி, இனி தானாகவே கழிக்க வேண்டும் என்று முடிவாகிறது. திரையைப் பார்த்து வேலை செய்பவருக்கு இது சிறு மாற்றம். ஆனால், இரவில் கிரான் (குறித்த நேரத்தில் நிரல்களைத் தானாக ஓட்டும் வசதி) வழியே கருவியை ஓட்டி, வரும் எண்ணில் தானே கழிவைக் கழித்துப் பட்டுவாடாக் கணக்கு எழுதும் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதிய சிறு நிரல்) இருந்தால், சிறு விவசாயியின் எடை இருமுறை குறையும். பிழைச்செய்தி எதுவும் வராது என்பதே இதில் அஞ்ச வேண்டியது.

ஆகவே முதல் பதிப்பில் இயல்பை, அதாவது ஆப்ஷன் எதுவும் கொடுக்காதபோது நடப்பதை, தொடாமல், ‘கழிவுடன்’, ‘கழிவின்றி’ என இரு நடத்தைகளுக்கும் ஆப்ஷன்களை மட்டும் சேருங்கள். இயல்பாக நடப்பதற்குத் தனி ஆப்ஷன் எதற்கு என்று தோன்றலாம். ஸ்கிரிப்ட் எழுதியவர் தமக்கு வேண்டியதை இன்றே எழுதிவைத்து, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒரே விடையைப் பெற அதுவே வழி.

அடுத்த பதிப்பில், இரண்டில் எதையும் கொடுக்காதவர்களுக்கு எச்சரிக்கை காட்டுங்கள். அது பிழை, எச்சரிக்கைச் செய்திகளுக்கான தனி வழியான ஸ்டாண்டர்ட் எரரில்தான் வர வேண்டும்; விடை வரும் வழியான ஸ்டாண்டர்ட் அவுட்புட்டில் ஒரு வரி கூடினாலும், பைப் (ஒரு நிரலின் வெளியீட்டை மற்றொன்றுக்குத் தரும் இணைப்பு) வழியே எண்ணைப் படிக்கும் ஸ்கிரிப்ட் அந்த வரியையும் எண்ணாக நினைத்துத் தடுமாறும். வேலை முடிந்ததா, தவறியதா என்று கருவி முடிவில் தெரிவிக்கும் எண்ணான வெளியேறும் குறியீட்டையும் மாற்றாதீர்கள். நனைந்த இலை வந்து விடை வேறுபடும் நாளில் மட்டும் எச்சரிப்பதாக இருந்தால், காத்திருக்கும் காலத்தைக் கவனமாகக் கணக்கிட வேண்டும்: கோத்தகிரிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை முக்கியமானது என்பதால், அதைக் கடக்காத எச்சரிக்கைக் காலம் போதாது. நிரல்களின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் ‘கிட்’ மென்பொருள் 2014 மே மாதம் 2.0 பதிப்பில், மாற்றங்களை வேறொரு களஞ்சியத்துக்கு அனுப்பும் ‘புஷ்’ கட்டளையின் இயல்பை மாற்றியபோதும், முந்தைய பதிப்புகளிலேயே எச்சரித்து, பழைய வழக்கத்தை அமைப்பில் எழுதிவைத்துக்கொள்ள இடம் தந்தது.

தோற்றம் மட்டும் மாறுவதென்றால் வழி எளிது. 2016இல் வெளிவந்த குனு கோர்யுடில்ஸ் என்ற அடிப்படைக் கட்டளைத் தொகுப்பின் 8.25 பதிப்பில், கோப்புகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்’, இடைவெளி உள்ள கோப்புப் பெயர்களுக்கு மேற்கோள் குறியிடத் தொடங்கியது. அதுவும் வெளியீடு டெர்மினல் திரைக்குப் போகும்போது மட்டுமே. எடைக் கணக்குக்கு இதைப் பின்பற்றாதீர்கள். திரையில் ஓர் எண்ணும் பைப்பில் வேறோர் எண்ணும் வந்தால், தவறைத் தேடுபவருக்கு அது ஒருபோதும் அகப்படாது.

இறுதியில் இயல்பை மாற்றும்போது முதன்மைப் பதிப்பெண்ணை (பதிப்பெண்ணில் புள்ளிக்கு முன் வரும் முதல் எண்ணை) உயர்த்தி, வெளியீட்டுக் குறிப்பின் முதல் வரியிலேயே அதைச் சொல்லுங்கள். ‘கழிவின்றி’ ஆப்ஷனை அதன்பின்னும் நீக்காதீர்கள்.