ஸ்டிக்கர் ஸ்டென்சில் வைத்து மரப் பெயர்ப்பலகை: பெயின்ட் கசியாமல் எழுதும் முறை

எங்கள் வீட்டுக்கு ‘மகிழகம்’ என்று பெயர் வைத்தது அம்மா. கிரானைட்டில் செதுக்கலாம், அக்ரிலிக்கில் உள்ளே விளக்கு வைத்துச் செய்யலாம் என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். எனக்கு மரத்தில்தான் வேண்டும். ஆனால் என் கையெழுத்தை வாசலில் மாட்ட முடியாது. அதனால் ஸ்டிக்கரில் எழுத்தை வெட்டி, அதைப் பலகையில் ஒட்டி, உள்ளே பெயின்ட் அடிக்கும் வழிக்கு வந்தேன். இரண்டு பலகைகள் வீணாயின. மூன்றாவது இப்போது வாசலில் இருக்கிறது. நீங்கள் முதல் பலகையிலேயே முடித்துவிடலாம்.

பலகைக்கு 18-க்கு 7 அங்குலம், முக்கால் அங்குல கனம் போதும். வீட்டில் தேக்குத் துண்டு கிடந்தாலும் அதைத் தொடாதீர்கள். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, அக்ரிலிக் பெயின்ட் அதில் லேசில் பிடிக்காது. பேக்கிங் பெட்டி செய்யும் பைன் மரமே நல்லது. உப்புத்தாளை 80, 120, 220 என்ற நம்பர் வரிசையில் (நம்பர் கூடக் கூடத் தாள் நைசாகும்) போட்டு, மர இழை ஓடும் வாக்கிலேயே தேயுங்கள். நகத்தை ஓட்டினால் எங்கும் தடுக்கக் கூடாது. பிரைமர் ஒரு கோட், அது காய்ந்ததும் பின்னணி நிறம் இரண்டு கோட். என்னுடையது கரும்பச்சைப் பின்னணி, எழுத்து கிரீம். அடித்தபின் ஒரு முழு நாள் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

காயும் நேரத்தில் எழுத்து வேலையைப் பார்க்கலாம். இன்க்ஸ்கேப் என்பது கணினியில் படம் வரையும் இலவச மென்பொருள், இதற்கு அது போதும். கூகுள் எழுத்துருக்களில் முக்தா மலர், கட்டமரன் இரண்டிலும் தடித்த வடிவம் கிடைக்கும். மெல்லிய எழுத்துரு வேண்டாம், ஸ்டிக்கரைப் பிய்க்கும்போது ஓரங்கள் கிழியும். எழுதி முடித்ததும் கோப்பை அப்படியே கடைக்கு எடுத்துப் போய்விடாதீர்கள். நான் போனேன். அந்தக் கணினியில் என் எழுத்துரு இல்லை, ‘கி’ என்ற எழுத்தில் ‘க’ தனியாகவும் கொக்கி தனியாகவும் நின்றன. இன்க்ஸ்கேப்பில் கன்ட்ரோல், ஷிப்ட், சி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்துகள் வெறும் கோட்டு வடிவமாகிவிடும். கோரல்டிரா என்ற இன்னொரு வரைகலை மென்பொருளில் கன்ட்ரோல், க்யூ. அப்புறம் ‘யூனியன்’ கட்டளையையும் கொடுங்கள். இல்லாவிட்டால் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் பிளேடு எழுத்தின் நடுவே வெட்டிக்கொண்டு போகும். பெயின்டை முன்பக்கத்திலிருந்து அடிப்பதால் எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பத் தேவையில்லை.

ஒரு பலகைக்காக வெட்டும் இயந்திரம் வாங்குவது வீண் செலவு. வண்டி நம்பர் பிளேட்டுக்கு ஸ்டிக்கர் வெட்டும் கடையிலேயே வெட்டித் தருவார்கள். ஓரமஸ்க் 813 என்ற ஸ்டென்சில் ஃபிலிம் கிடைத்தால் அதுதான் சிறந்தது, பசை மென்மையாக இருக்கும். கிடைக்காவிட்டால் சாதாரண ஸ்டிக்கரே போதும். நான்கு பக்கமும் இரண்டு அங்குலம் விட்டு வெட்டச் சொல்லுங்கள். “வெட்டினால் போதும், எதையும் பிய்க்க வேண்டாம்” என்று இரண்டு தடவை சொல்லுங்கள். வழக்கமாக அவர்கள் சுற்றிலும் இருப்பதை உரித்துவிட்டு எழுத்தை விடுவார்கள். நமக்கு வேண்டியது நேர் எதிர். முதல் தடவை எனக்கு அப்படி உரித்த எழுத்துகள்தான் கைக்கு வந்தன. (அதுவும் குப்பை இல்லை. பலகை முழுக்க கிரீம் அடித்து, எழுத்துகளை ஒட்டி, மேலே பச்சை அடித்து உரித்தாலும் பலகை தயார். அன்று எனக்கு இது தோன்றவில்லை.)

வீட்டுக்கு வந்ததும் எழுத்துகளை ஊசியால் நெம்பி எடுங்கள். க, ம, ழ மாதிரி எழுத்துகளின் மூடிய வயிறு மட்டும் காகிதத்திலேயே நிற்க வேண்டும். ட, ப போன்றவற்றில் இந்தத் தொல்லை இல்லை. பிறகு கடையில் கிடைக்கும் டிரான்ஸ்ஃபர் டேப்பை மேலே ஒட்டி, பழைய ஏ.டி.எம். அட்டையால் தேய்த்தால் வயிற்றுத் துண்டுகளும் இடம் மாறாமல் கூடவே வரும்.

நேராக ஒட்ட, போர்டு எழுதுகிறவர்கள் செய்வதுபோல் சாக்பீஸ் தேய்த்த நூலைப் பலகையில் இழுத்துத் தட்டினால் நேர்கோடு விழும். ஸ்டிக்கரைக் கோட்டில் வைத்து, நடுவில் ஒரு மாஸ்கிங் டேப் பட்டை ஒட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு பாதியைப் புத்தகம்போல் திருப்பி, பின்தாளை வெட்டி எடுத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்து ஒட்டுங்கள். டேப் பட்டையை எடுத்துவிட்டு அடுத்த பாதி. அதன்பின் டிரான்ஸ்ஃபர் டேப்பை மெதுவாக உரியுங்கள், துண்டுகள் கூடவே கிளம்பினால் திரும்ப அழுத்துங்கள்.

சரி, என் இரண்டு பலகைகளைக் காவு வாங்கிய இடம் இதுதான். முதல் பலகையில் ஸ்டிக்கர் ஒட்டியதும் நேராக கிரீம் அடித்தேன். உரித்துப் பார்த்தால் எழுத்துக்குச் சுற்றிலும் மீசை முளைத்திருந்தது. இரண்டாவதில் ஸ்டிக்கரை இன்னும் அழுத்தித் தேய்த்தேன், பெயின்டையும் கெட்டியாக்கினேன். மீசை கொஞ்சம் சின்னதானது, அவ்வளவுதான். எவ்வளவு தேய்த்தாலும் மர இழைக்கும் ஸ்டிக்கருக்கும் நடுவே நூலளவு சந்து இருக்கும். ஈரப் பெயின்டை அது திரி மாதிரி உறிஞ்சிக்கொள்ளும்.

அந்தச் சந்தைத் தேய்த்து மூட முடியாது, பெயின்டால்தான் அடைக்க வேண்டும். ஸ்டிக்கர் ஒட்டிய பிறகு, எழுத்துப் பள்ளங்களுக்குள் முதலில் பின்னணி நிறத்தையே ஒரு மெல்லிய கோட் அடியுங்கள். பச்சைமேல் பச்சை. கசிவது கசியட்டும், பச்சையில் கலந்த பச்சை யார் கண்ணுக்கும் தெரியாது. அது காய்ந்ததும் சந்து அடைந்துவிடும். அதன்மேல் கிரீம் அடித்தால் உள்ளே போக வழி இருக்காது. பின்னணி வெறும் மர நிறம் என்றால் பச்சைக்குப் பதில் தண்ணீரில் கரையும் நிறமற்ற வார்னிஷ் ஒரு கோட்.

அரை மணி நேரம் கழித்து கிரீம். பிரஷ் வேண்டாம், அது பெயின்டை ஓரத்துக்கு அடியில் தள்ளும். பாத்திரம் தேய்க்கும் ஸ்பான்ஜில் ஒரு துண்டு வெட்டி, பெயின்டில் தொட்டு, பழைய நாளிதழில் முக்கால்வாசியைத் துடைத்துவிட்டு, இழுக்காமல், நேர் மேலிருந்து அழுத்தி ஒற்றி எடுங்கள். முதல் கோட் பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். இருபது நிமிட இடைவெளியில் மூன்று கோட். எனாமல் பெயின்டை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். காய நாளாகும், அதன் தின்னர் ஸ்டிக்கர் பசையையும் கரைக்கும்.

கடைசிக் கோட் தொட்டால் லேசாக ஒட்டும் பதத்தில் ஸ்டிக்கரை உரிக்க வேண்டும். முழுக்கக் காய்ந்தால் பெயின்ட் தோலாகக் கிளம்பும். மேலே தூக்காமல், தன் முதுகிலேயே மடித்துப் பின்னோக்கி இழுங்கள். வயிற்றுத் துண்டுகளுக்கு ஊசி.

இரண்டு நாள் கழித்து நிறமற்ற பி.யூ. (பாலியூரித்தேன்) வார்னிஷ், தண்ணீரில் கரையும் வகை, மூன்று கோட். எண்ணெய் வகை நாளடைவில் கிரீமை மஞ்சளாக்கும். பலகையின் முதுகையும் குறுக்கு வெட்டு முனைகளையும் விடாதீர்கள், மழைத் தண்ணீர் நுழைவது அங்கேதான். பித்தளை ஸ்க்ரூ போட்டு, சுவரிலிருந்து கால் அங்குலம் தள்ளி மாட்டுங்கள்.

பின்சேர்க்கை: ஸ்டிக்கரோடு பின்னணிப் பச்சையும் உரிந்து வந்துவிட்டது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் பெயின்ட் அடித்தது ஐப்பசி மழையில். அந்த ஈரக் காற்றில் ஒரு நாள் போதாது, மூன்று நாள் விடுங்கள். சாதாரண ஸ்டிக்கர் என்றால், பின்தாளை உரித்ததும் பஞ்சு உதிராத பழைய லுங்கியில் ஒரு தடவை ஒட்டி எடுத்தால் பசை கொஞ்சம் அடங்கும்.

இன்னொருவர், எல்லாம் சரியாக வந்தும் ‘ம்’ மீது புள்ளியைக் காணோம் என்று கேட்டிருந்தார். எனக்கும் நடந்தது. சின்ன வட்டம் என்பதால் ஸ்டிக்கரிலிருந்து அதை நெம்பி எடுக்க மறந்திருக்கிறோம். பென்சிலின் ரப்பர் முனையை கிரீமில் தொட்டு ஒரு குத்து வையுங்கள், அழகான வட்டப் புள்ளி விழும். எங்கள் வாசலில் இருப்பது அந்தப் புள்ளிதான். அம்மா மட்டும், “புள்ளி கொஞ்சம் பெரிசா இருக்கே” என்றார்.