நடுக்கடலுக்கு ஒரு மருந்துப் பெட்டி: முதல்முறை அடுக்குபவர்களுக்கு

கடற்பயண முதலுதவிப் பெட்டி என்று கடையில் தயாராகவே கிடைக்கிறது. கரையோரமாக ஓரிரு நாள் போய்வர அது போதும். அடுத்த துறைமுகம் இரண்டு வாரம் தள்ளி இருக்கும் கடலுக்குப் பாய்மரப் படகில் கிளம்புகிறவர்களுக்குப் போதாது. அந்தத் தூரத்துக்கு ஹெலிகாப்டர் பறந்து வராது. வழியில் போகும் சரக்குக் கப்பல் திரும்பி வந்தால் உண்டு. அதுவரை வைத்தியம் பார்க்கப்போவது படகில் இருக்கும் யாரோ ஒருவர். அவருக்குச் சொல்லிக்கொடுக்கப்போவது சாட்டிலைட் போனில் பேசும் டாக்டர். இந்த இரண்டு பேருக்கும் உதவும்படி பெட்டியை அடுக்க வேண்டும். என்னென்ன வாங்குவது என்ற கேள்வி அதற்குப் பிறகுதான்.

படி 1: முதலில் ஆட்கள்

படகில் வரும் ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் போடுங்கள். வயது, எடை, ஒவ்வாமை, பழைய ஆபரேஷன்கள், தினமும் சாப்பிடும் மருந்துகள் எல்லாம் அதில் இருக்கட்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு மாத்திரை எடுப்பவர்கள் பயண நாட்களைப்போல் இரண்டு மடங்கு வாங்கி, இரண்டு வெவ்வேறு இடங்களில் வைக்க வேண்டும். ஒரு அறைக்குள் தண்ணீர் புகுந்தாலும் இன்னொன்று மிஞ்சும். கிளம்புவதற்கு முன் எல்லோரும் பல் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். நடுக்கடலில் சொத்தைப் பல் வலித்தால் கையில் இருக்கும் தற்காலிக அடைப்புப் பசையும் கிராம்பு எண்ணெயும் சமாளிக்கத்தான் உதவும், குணப்படுத்தாது. இருந்தாலும் அவற்றையும் வாங்குங்கள்.

படி 2: சீட்டு, கடிதம்

ஆண்டிபயாடிக், கடும் வலிக்கான மருந்து, அட்ரினலின் ஊசி ஆகியவற்றுக்கு டாக்டர் சீட்டு வேண்டும். எந்தக் கடல், எத்தனை நாள், எத்தனை பேர் என்று சொல்லி, கடற்பயண அனுபவமுள்ள டாக்டர் ஒருவரோடு உட்கார்ந்து பட்டியல் போடுவது நல்லது. படகின் பெயர், மருந்துகளின் வேதிப்பெயர், அளவு எல்லாம் எழுதிய கடிதம் ஒன்றையும் அவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள். சுங்க அதிகாரிகள் கேட்பார்கள். ஒரு நாட்டில் சாதாரணமாகக் கிடைக்கும் மருந்து இன்னொரு நாட்டில் சிறைக்கே கொண்டுபோகும். எகிப்தில் ட்ரமடால் என்ற வலி மருந்து அப்படித்தான். நீங்கள் நிற்கப்போகும் ஒவ்வொரு துறைமுகத்துக்கும் தனித்தனியாக விசாரியுங்கள்.

படி 3: குமட்டலுக்கு நிறைய இடம்

புதியவர்கள் ரத்தக்காயத்துக்குப் பயந்து பேண்டேஜாக வாங்கிக் குவிக்கிறார்கள். முதலில் ஆளைச் சாய்ப்பது வாந்திதான். சின்னரிசின், மெக்லிசின், ப்ரோமெத்தசின் என்று மாத்திரைகள் பல. எல்லாவற்றுக்கும் ஒரே விதி: குமட்டல் வருவதற்கு முன்பே போட வேண்டும். வாந்தி தொடங்கிவிட்டால் வயிற்றில் மாத்திரை தங்காது. அதனால் ஊசியோ ஆசனவாயில் வைக்கும் மாத்திரையோ கொஞ்சம் கட்டாயம் இருக்க வேண்டும். கூச்சப்பட்டு இதை விட்டுவிடாதீர்கள்.

காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபொலமின் ஒட்டியைக் கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்பே ஒட்டினால் மூன்று நாள் வரை வேலை செய்யும். தொட்ட கையைக் கழுவாமல் கண்ணைத் தேய்த்தால் கண்மணி விரிந்து பார்வை மங்கும். அதே ஆள் தலையில் அடிபட்டும் கிடந்தால், ஒரு கண்மணி மட்டும் விரிந்திருப்பதைப் பார்த்து டாக்டரே குழம்பிப் போவார்! கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கு இது கூடாது. எந்த மருந்தானாலும் கரையில் இருக்கும்போதே ஒருமுறை போட்டுப் பாருங்கள். சிலரை இரவுக் காவலுக்கே லாயக்கில்லாமல் தூங்கவைத்துவிடும்.

கூடவே ஓஆர்எஸ் பொட்டலங்களை அள்ளி வையுங்கள். விலையும் குறைவு, இடமும் அடைக்காது. தீர்ந்துபோனால் ஒரு லிட்டர் சுத்தமான குடிநீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

படி 4: காயம், தீப்புண், எலும்பு

எப்போதும் ஈரத்திலும் உப்பிலும் ஊறும் தோலில் சின்னக் கீறல்கூட ஆற மறுக்கும். பவளப்பாறைக் கீறல் இன்னும் மோசம். எனவே தைப்பதற்கான சாமானைவிடக் கழுவுவதற்கான சாமான் முக்கியம். பெரிய சிரிஞ்சுகள், சலைன் பாட்டில்கள், முள் எடுக்க நல்ல இடுக்கி இவற்றை முதலில் வாங்குங்கள். சிரிஞ்சால் சுத்தமான நீரைப் பீய்ச்சி, மண்ணும் துணுக்கும் போகும்வரை கழுவ வேண்டும். அழுக்கான காயத்தைத் தைத்து மூடினால் கிருமியை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். சுத்தமான வெட்டுக்கு ஒட்டுப்பட்டைகளே பெரும்பாலும் போதும். ஊசி நூலைக் கற்றுக்கொள்ளாமல் வாங்கி வைப்பதில் அர்த்தமில்லை. ரத்தம் பீறிட்டால் அழுத்திக் கட்ட அகலக் கட்டுத்துணியும், கை கால்களில் ரத்தத்தை நிறுத்தும் இறுக்குப்பட்டை (tourniquet) ஒன்றும் இருக்கட்டும்.

கொதிநீர் கொட்டுவது படகுச் சமையலறையில் சகஜம். 20 நிமிடம் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்க வேண்டும். நன்னீர் தட்டுப்பாடென்றால் வாளியில் கடல்நீரை மொண்டு ஊற்றிவிட்டு, கடைசியில் நன்னீரால் அலசலாம். பிறகு சமையலறையில் உணவை மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைத் (cling film) தளர்வாக மேலே போட்டு மூடுங்கள்.

எலும்பு முறிவுக்கு வளைத்துக் கட்டக்கூடிய, நுரை பூசிய அலுமினியத் தகடு இரண்டு.

படி 5: மாத்திரைகள்

வலிக்குப் பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென். அதைத் தாண்டினால் டாக்டர் எழுதிக்கொடுத்தது. ஒவ்வாமைக்கு செட்டிரிசின், அட்ரினலின். ஆண்டிபயாடிக்கில் ஒரே வகையை நிறைய வாங்குவதைவிட தோல், வயிறு, சிறுநீர், நெஞ்சு என்று வெவ்வேறு இடங்களுக்குப் பொருந்தும் இரண்டு மூன்று வகைகள் வேண்டும். அதில் டாக்ஸிசைக்ளின் இருந்தால் ஒன்று கவனியுங்கள்: அதைச் சாப்பிடுபவரின் தோல் வெயிலில் சீக்கிரம் வெந்துபோகும், படகிலோ நிழலே அபூர்வம். எந்த ஆண்டிபயாடிக்கையும் டாக்டரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

மலச்சிக்கலுக்கு மருந்தை எல்லோரும் மறக்கிறார்கள். ஆடும் படகில் முதல் வாரம் அதுதான் ரகசியத் தொல்லை.

திருக்கையோ கல்மீனோ குத்தினால் பொறுக்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், வெந்நீரில் முக்கி வைக்க வேண்டும். அதற்காகவே ஒரு தெர்மாமீட்டர். பெட்டி ஜெல்லிமீன் (box jellyfish) என்ற விஷ ஜெல்லிமீன் உள்ள வெப்பக் கடல்களுக்குப் போகிறவர்கள் வினிகர் ஒரு பாட்டில் எடுத்துச் செல்லுங்கள். எல்லா ஜெல்லிமீனுக்கும் அது சரிவராது.

படி 6: எண் போடுங்கள்

ஒவ்வொரு மருந்துக்கும் ஓர் எண் கொடுத்து, அட்டையில் அழியாத பேனாவால் எழுதுங்கள். எண், பெயர், அளவு, எதற்கு, எத்தனை இருக்கிறது, காலாவதித் தேதி என்று ஒரு பட்டியல் தயாரித்து, பெட்டிக்குள் ஒரு பிரதி, ரேடியோ பக்கத்தில் ஒரு பிரதி, அழைக்கப்போகும் மருத்துவ மையத்துக்கு முன்கூட்டியே ஒரு பிரதி. "14 எடுங்கள், இரண்டு மாத்திரை" என்று டாக்டர் சொன்னால், இரைச்சலிலும் பதற்றத்திலும் காதில் தவறாக விழ வாய்ப்புக் குறைவு. ரோமில் 1935 முதல் இயங்கும் சிஐஆர்எம் மையம் எந்த நாட்டுக் கப்பலுக்கும் கட்டணமின்றி மருத்துவ ஆலோசனை தருகிறது.

டாக்டர் முதலில் கேட்பது எண்களைத்தான்: காய்ச்சல், நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், ஆக்ஸிஜன் அளவு. அதற்கான கருவிகள், உபரி பேட்டரிகள், சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டைகள், கர்ப்பப் பரிசோதனைப் பட்டை எல்லாம் மாத்திரைகளுக்குச் சமமான முக்கியம். பெண்ணுக்கு வயிற்றுவலி வந்தால் அந்தக் கடைசிப் பட்டை சொல்வதை வைத்தே முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

படி 7: எங்கே வைப்பது

2018இல், தனி ஆளாகப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பந்தயத்தில், இந்திய மாலுமி அபிலாஷ் டோமியின் படகு தெற்கு இந்தியப் பெருங்கடலில் பாய்மரம் முறிந்தது. அவருக்கு முதுகில் பலத்த அடி. உபரியாக ஒரு சாட்டிலைட் போன் அதே படகில் அவசரப் பையில் இருந்தது. நகர முடியாமல் கிடந்தவரால் அதை எட்ட முடியவில்லை. மூன்று நாள் கழித்து பிரெஞ்சுக் கப்பல் ஒன்று வந்து மீட்டது.

ஆகவே ஒரே பெட்டி வேண்டாம். தினசரி உபயோகத்துக்குச் சின்னப் பை ஒன்று கைக்கெட்டும் இடத்தில். படகைக் கைவிட நேர்ந்தால் தூக்கிக்கொண்டு ஓட அவசரப் பைக்குள் ஒரு பங்கு. மற்றதெல்லாம் நீர்புகாத பெரிய பெட்டியில். படுக்கையில் கிடந்தபடியே எட்டும் இடத்தில் வலி மாத்திரையும் தண்ணீரும் இருக்கட்டும். மாத்திரைகளை அட்டையோடு, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு, காற்றெடுத்த பையில் அடையுங்கள். அட்டையைக் கத்தரித்தால் பெயரும் தேதியும் போய்விடும். பெரும்பாலான மருந்துகளுக்கு 25 டிகிரிக்குக் கீழே இருப்பது நல்லது என்பதால் எஞ்சின் பக்கம் வைக்காதீர்கள். நீர்மட்டத்துக்குக் கீழே படகின் வெளிச்சுவரை ஒட்டிய அறை சற்றுக் குளிர்ச்சியாக இருக்கும்.

எல்லாம் அடுக்கி முடித்ததும், மருந்து விஷயமே தெரியாத ஒருவரிடம் பட்டியலைக் கொடுத்து, இரவில் தலையில் மாட்டும் விளக்கின் வெளிச்சத்தில் ஐந்தாறு எண்களை எடுக்கச் சொல்லுங்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அந்த அடுக்கை மாற்றிவிடுங்கள்.