பூமி சுழல்வதை வெறுங்கண்ணால் பார்ப்பது எப்படி?

நட்சத்திரங்கள் கிழக்கே உதித்து மேற்கே மறைவதையும், பூமியின் சுழற்சிதான் அதற்குக் காரணம் என்பதையும் பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். ஆனால் இரவில் அண்ணாந்து பார்த்தால் எதுவுமே அசைவதாகத் தெரிவதில்லை. ஒப்பிட்டுப் பார்க்கக் கண்முன் ஒரு விளிம்பு இல்லாததுதான் சிக்கல். விளிம்பு ஒன்று கிடைத்தால் ஐந்தே நிமிடத்தில் நகர்வு பிடிபடும். அதன்பிறகு, நகர்வது வானமல்ல, நாம் உட்கார்ந்திருக்கும் தரைதான் என்பதை உடம்புக்கே உறைக்கச் செய்யலாம். இந்த இரண்டும் தனித்தனி வேலைகள். முதலாவதைச் சரியாகச் செய்யாமல் இரண்டாவதற்குத் தாவ வேண்டாம்.

கையை அளவுகோலாக்குங்கள்

கையை முழுவதும் நீட்டி ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். சுண்டுவிரலின் அகலம் வானத்தில் ஏறக்குறைய 1 டிகிரி. மூடிய முஷ்டி 10 டிகிரி. விரித்த சாண் 20 டிகிரிக்குச் சற்று மேல். பூமி மணிக்கு 15 டிகிரி திரும்புகிறது. அதாவது 1 டிகிரிக்கு 4 நிமிடம். ஆக, ஒரு சுண்டுவிரல் என்பது 4 நிமிடம், ஒரு முஷ்டி என்பது 40 நிமிடம். முழுநிலவின் அகலம் அரை டிகிரிதான் என்பதால், அது தன் அகலத்தைத் தாண்ட 2 நிமிடம் போதும். பலர் நினைப்பதைவிட இது மிக வேகம்.

சரியான நட்சத்திரம்

எல்லா நட்சத்திரமும் ஒரே வேகத்தில் நகர்வதாகத் தெரியாது. பூமியின் நடுக்கோட்டுக்கு நேர்மேலே வானத்தில் ஓடும் வான நடுக்கோட்டின் அருகே இருப்பவைதான் முழு வேகத்தில் போகும். டிசம்பர் முதல் மார்ச் வரை முன்னிரவில் ஓரியன் என்னும் வேட்டைக்காரன் வடிவ விண்மீன் கூட்டத்தில், இடுப்புப் பட்டைபோல் வரிசையாக இருக்கும் மூன்று நட்சத்திரங்களைத் தேர்ந்தெடுங்கள். அவற்றில் வடமேற்கு ஓரத்தில் இருப்பது கிட்டத்தட்ட அந்தக் கோட்டின் மேலேயே உள்ளது. ஏப்ரல் முதல் ஜூலை வரை சித்திரை நட்சத்திரம் (ஸ்பைகா), ஜூலை முதல் அக்டோபர் வரை திருவோண நட்சத்திரம் (ஆல்டேர்).

துருவ நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் இரவு முழுக்க ஏமாற்றம்தான். அது பூமியின் அச்சு காட்டும் புள்ளியிலிருந்து ஒரு டிகிரிக்கும் குறைவான தூரத்தில் இருப்பதால், நின்ற இடத்திலேயே நிற்கும். அடிவானத்தை ஒட்டியவையும் வேண்டாம். அங்கே காற்று மண்டலம் தடித்திருப்பதால் மின்னி, மங்கி, கண்ணைக் குழப்பும். 30 முதல் 50 டிகிரி உயரம், அதாவது மூன்றிலிருந்து ஐந்து முஷ்டி வரை, வசதியானது.

விளிம்பும் நாற்காலியும்

கம்பம், கட்டடத்தின் ஓரம், கூரையின் விளிம்பு எதுவானாலும் சரி. மரக்கிளை கூடாது, காற்றில் ஆடும். நட்சத்திரம் மேற்கு நோக்கிப் போவதால், மறைக்கும் பொருள் அதற்கு மேற்குப் பக்கம் இருக்க வேண்டும்.

விளிம்பின் சாய்வையும் கவனியுங்கள். நட்சத்திரம் வானில் தன் உச்ச உயரத்தைத் தொடும் வேளையில் பக்கவாட்டில் நகர்கிறது; அப்போது செங்குத்தான விளிம்பு வேண்டும். மேற்கே இறங்கும்போது, அதுவும் பூமியின் நடுக்கோட்டுக்கு அருகில் வாழ்பவர்களுக்கு, ஏறத்தாழ நேர்கீழாக விழுகிறது. அப்போது கிடையான கூரை விளிம்பே பொருத்தம். இதைக் கவனிக்காவிட்டால் நட்சத்திரம் விளிம்பை ஒட்டியே ஊர்ந்து போகும், மறையவே மறையாது.

மிகப் பெரிய பிழை தலையில்தான் நடக்கிறது. விளிம்பு 5 மீட்டர் தூரத்தில் இருக்கும்போது தலை 1 செ.மீ. அசைந்தால், நட்சத்திரம் 27 விநாடியில் நகரும் தூரத்துக்குச் சமமான பிழை வரும். 20 மீட்டர் தூர விளிம்பில் அதே அசைவுக்கு 7 விநாடிப் பிழைதான். எனவே தூரத்து விளிம்பைத் தேடுங்கள். பின்தலையைச் சுவரிலோ தூணிலோ அழுத்திச் சாய்த்துக்கொண்டு உட்காருங்கள். ஒரு கண்ணை மூடுங்கள். இரு கண்களும் சில சென்டிமீட்டர் இடைவெளியில் இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் விளிம்பு வேறு இடத்தில் தெரியும். அலைபேசித் திரையை அணைத்துவிடுங்கள். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும்.

காத்திருங்கள்

நட்சத்திரம் விளிம்பிலிருந்து அரைச் சுண்டுவிரல் தள்ளி இருக்கும்போது தொடங்குங்கள். இடைவெளி சுருங்கிக்கொண்டே வரும். கடைசிக் கணத்தை விட்டுவிடாதீர்கள். நட்சத்திரம் ஒரு புள்ளிதான் என்றாலும், இருட்டில் விரிந்த நம் கண்மணிக்குச் சுமார் 6 மி.மீ. அகலம் உண்டு. 20 மீட்டர் தூர விளிம்பின் நிழல் அந்த அகலத்தைக் கடக்க ஏறக்குறைய 4 விநாடி ஆகும். அதனால் ஒளி சட்டென அணையாமல் மெல்ல மெல்ல மங்கி மறையும். அந்த 4 விநாடியில் நீங்கள் பார்ப்பது, நட்சத்திர ஒளியில் விழுந்த கட்டடத்தின் நிழல் உங்கள் கண்ணைக் கடந்து போவதை. சுழற்சியை இதைவிட அருகில் பார்க்க எந்தக் கருவியும் தேவையில்லை.

இப்போது பார்வையைத் திருப்புங்கள்

இன்னொரு நட்சத்திரத்தைப் பிடித்து அதே விளிம்புக்கு வரவிடுங்கள். இந்த முறை நட்சத்திரத்தைப் பார்க்காதீர்கள். அதை அசையாத ஆணியாக வைத்துக்கொண்டு விளிம்பைப் பாருங்கள். கட்டடம் மெல்ல நகர்ந்து வந்து நட்சத்திரத்தை மூடுகிறது. நின்றிருக்கும் ரயிலில் இருக்கும்போது பக்கத்து ரயில் கிளம்பினால், நம் ரயில் பின்னால் போவதுபோல் ஒரு கணம் தோன்றுமல்லவா? அந்த மயக்கம் பொய். இங்கே நிகழ்வது அதே உணர்வு, ஆனால் உண்மை. ஓடும் படகில் இருப்பவருக்குக் கரையில் நிற்பவை பின்னோக்கிப் போவதுபோல, அசையாத நட்சத்திரங்கள் மேற்கே போவதாகத் தெரிகின்றன என்று ஆரியபட்டர் கி.பி. 499-லேயே எழுதினார்.

திசைக்குத் திசை உணர்வு மாறும். மேற்கே பார்த்தால் முன்னால் உள்ள தரை மேலெழுந்து நட்சத்திரங்களை விழுங்கும். நாம் மல்லாக்க விழுவதுபோல் இருக்கும். கிழக்கே பார்த்தால் அடிவானம் கீழே இறங்கிக்கொண்டே போகும். நாம் குப்புறக் கவிழ்கிறோம். முழுநிலவு எழும் மாலை கிழக்குக்கு மிக ஏற்றது. 'நிலா ஏறுகிறது' என்பதை விட்டுவிட்டு 'அடிவானம் இறங்குகிறது' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே பாருங்கள். முதல் முறையே கிட்டாவிட்டால் மறுநாள் முயலுங்கள்.

பூமியின் நடுக்கோட்டில் இந்தப் பயண வேகம் மணிக்குச் சுமார் 1,670 கி.மீ. குலுக்கலோ வேக மாற்றமோ இல்லாத சீரான ஓட்டம் என்பதால் உடம்பு தானாக அதை உணர்வதில்லை. கண் வழியாகத்தான் உணர முடியும்.

தொலைநோக்கி இருந்தால்

100 மடங்கு உருப்பெருக்கத்தில் பெரும்பாலும் அரை டிகிரி வானம்தான் தெரியும். நட்சத்திரத்தைப் பார்வை வட்டத்தின் கிழக்கு ஓரத்தில் வைத்துவிட்டுக் கையை எடுங்கள். 2 நிமிடத்தில் மறு ஓரத்தைத் தாண்டிவிடும். தானே பின்தொடரும் மோட்டார் இருந்தால் அணைத்துவிடுங்கள். பல தொலைநோக்கிகள் பிம்பத்தைத் தலைகீழாகக் காட்டும், எனவே நகரும் திசை எதிர்மாறாகத் தெரிந்தால் பதற வேண்டாம். பைனாகுலரைக் கையில் பிடித்தால் பயனில்லை, முக்காலியில் பொருத்துங்கள்.

ஏமாற்றும் அசைவுகள்

இருட்டில் ஒற்றை நட்சத்திரத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது தானாக அலைவதுபோல் தோன்றும். அது கண்ணின் மயக்கம். பக்கத்தில் விளிம்பு இருந்தால் நின்றுவிடும். மேகம் ஓடும்போது நிலா எதிர்ப்பக்கம் ஓடுவதும் அப்படித்தான். சில நிமிடங்களில் வானத்தையே கடந்து போவது செயற்கைக்கோள் அல்லது விமானம்.

மறுநாள் இரவு

நட்சத்திரம் மறைந்த நேரத்தை விநாடியோடு குறித்துக்கொள்ளுங்கள். நாற்காலிக் கால்களைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் வட்டமிடுங்கள், தலை சாய்த்த இடத்திலும் ஒரு கோடு. மறுநாள் அதே நட்சத்திரம் அதே விளிம்பில் 3 நிமிடம் 56 விநாடி முன்னதாகவே மறையும். 24 மணி நேரம் என்பது சூரியனை வைத்து அளந்தது. நட்சத்திரத்தை வைத்து அளந்தால் பூமி ஒரு சுற்றை 23 மணி 56 நிமிடம் 4 விநாடியில் முடித்துவிடுகிறது. அந்த ஒரு நாளில் பூமி சூரியனைச் சுற்றி ஏறக்குறைய 1 டிகிரி நகர்ந்துவிடுவதால், சூரியன் பழைய இடத்துக்கு வர இன்னும் 1 டிகிரி கூடுதலாகத் திரும்ப வேண்டியிருக்கிறது. ஒரு சுண்டுவிரல், 4 நிமிடம். ஒரே இரவில் தலை அசைவின் பிழை இதை ஓரளவு கெடுக்கலாம். 7 இரவு கழித்துப் பார்த்தால் வித்தியாசம் 27 நிமிடத்தைத் தாண்டியிருக்கும், சந்தேகத்துக்கு இடமிருக்காது. ஆகவே அந்தச் சுண்ணக்கட்டி வட்டத்தை ஒரு வாரத்துக்கு யாரும் அழிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.