ஓடுதுன்னு பாத்ததோட விட்டுடாதீங்க: வெப் ஆப் கோட்ல அடிக்கடி நடக்குற தப்புங்க

ஃபார்ம எல்லாம் கரெக்டா ஃபில் பண்ணி, சப்மிட் குடுத்து, சேவ் ஆயிடுச்சுன்னு வந்ததும் டெஸ்டிங் முடிஞ்சுதுன்னு டெப்ளாய் பண்றவங்க (எல்லாரும் யூஸ் பண்ண வெளிய விடுறவங்க) நிறைய பேரு. யூஸர் அப்படி ஒழுங்கா ஃபில் பண்ண மாட்டாங்க, அதனால தப்பா என்னென்ன குடுக்கலாமோ அத்தனையும் முதல்ல நீங்களே குடுத்துப் பாத்துடுங்க.

ஜாவாஸ்கிரிப்ட்ல ஃபெட்ச் (சர்வர்கிட்ட டேட்டா கேக்குற ஃபங்ஷன்) எழுதி கீழ கேட்ச் (எரர் வந்தா பிடிக்கிற இடம்) போட்டுட்டா எல்லா எரரும் அதுல மாட்டிக்கும்னு நினைக்காதீங்க. நெட் கட்டானா கேட்சுக்குப் போகும், ஆனா சர்வர் 404 (கேட்டது இல்ல), 500 (சர்வர்லயே கோளாறு) அனுப்புனா போகாது, பதில் வந்துடுச்சுல்லன்னு கோட் பாட்டுக்கு அடுத்த வரிக்குப் போயிடும். ரெஸ்பான்ஸ்ல 'ஓகே'ன்னு இருக்குறது ட்ரூவான்னு செக் பண்ணிட்டுதான் டேட்டாவத் தொடணும்.

தேதிதான் ரொம்பப் படுத்தும். ஜாவாஸ்கிரிப்ட்ல மாசம் 0ல ஆரம்பிக்குது, ஜனவரி 0, டிசம்பர் 11, இது பலருக்குத் தெரியும். தெரியாம மாட்டுறது டைம்ஸோன்ல. யூஸர் 2025 ஜனவரி 15ன்னு செலக்ட் பண்றாரு, பல டேட் பிக்கர் அத இந்திய நேரம் ராத்திரி 12 மணியா வச்சுக்குது, நீங்க டூஐஎஸ்ஓஸ்ட்ரிங் (தேதிய எழுத்தா மாத்துற ஃபங்ஷன்) போட்டு அனுப்புறீங்க, அது யுடிசிக்கு (உலகப் பொது நேரத்துக்கு) மாத்தும்போது அஞ்சரை மணி நேரம் பின்னாடி போயி 14ம் தேதி 18:30 ஆயிடும். சர்வர்ல முதல் பத்து எழுத்த மட்டும் வெட்டி எடுத்தா டேட்டாபேஸ்ல 14ன்னு உக்காந்துடும். டெஸ்ட் ஓடுற மெஷின் யுடிசில இருந்தா இது கண்ணுலயே படாது, அதனால டைம்ஸோன கொல்கத்தாவுக்கு (இந்திய நேரத்துக்கு) மாத்தி ஒரு தடவ கண்டிப்பா ஓட்டுங்க. பிறந்த தேதி மாதிரி நேரமே தேவையில்லாத விஷயத்த வெறும் தேதியா, ஸ்ட்ரிங்காவே (வெறும் எழுத்தாவே) அனுப்பிடுறது பெஸ்ட்.

டெக்ஸ்ட் பாக்ஸ்லேந்து வர்ற நம்பர் ஸ்ட்ரிங்தான், 5ஓட 1 கூட்டுனா 51 வரும். வரிசைப்படுத்துற சார்ட்டும் அப்படித்தான், 1, 9, 10ன்னு வரவேண்டியது 1, 10, 9ன்னு வரும். சப்மிட் பட்டன ரெண்டு தடவ தட்டிப் பாருங்க, ஆர்டர் ரெண்டா விழுதான்னு தெரிஞ்சுடும். பிரவுசர்ல பண்ற வேலிடேஷன (குடுத்தது சரியான்னு பாக்குறத) யார் வேணா தாண்டிடலாம், சர்வர்லயும் எழுதியே ஆகணும். பாஸ்வேர்டு இருக்குற ஃபைல கிட்ல (Git, கோட்ல பண்ற மாத்தத்த எல்லாம் சேத்து வைக்கிற டூல்) ஏத்திட்டா, டெலீட் பண்ணாலும் ஹிஸ்டரில இருக்கும், உடனே பாஸ்வேர்ட மாத்துங்க.

டெஸ்ட் எழுதும்போது அவெய்ட் (வேலை முடியற வரைக்கும் காத்திருக்கச் சொல்றது) விட்டுப்போச்சுன்னா, செக் பண்றதுக்கு முன்னாடியே டெஸ்ட் முடிஞ்சு பாஸ்னு பச்சை காட்டிடும். பாஸ் ஆனதும், அந்த டெஸ்ட் செக் பண்ண வேண்டிய ஒரு வரிய மெயின் கோட்ல வேணும்னே கெடுத்துட்டு திரும்ப ஓட்டுங்க, அப்பவும் பச்சையா இருந்தா அந்த டெஸ்ட் அத செக் பண்ணவே இல்ல, திருத்தி எழுதணும்.