காதுக்குப் பின்னால் தடவிப் பாருங்கள்

2014இல் என் மகனுக்கு ரூபெல்லா என்ற வைரஸ் காய்ச்சல் வந்தபோது அவனுக்கு ஐந்து வயது. ரங்கூனில் கூட்டுக் குடும்பமாக இருந்தோம். ஒரு நாள் காலையில் தனக்கா (பர்மியர்கள் முகத்தில் பூசும் மரப்பட்டைச் சாந்து) பூசுவதற்காகக் கன்னத்தைத் துடைத்தேன். முகமெல்லாம் இளஞ்சிவப்பாகப் பொடிப்பொடியாக இருந்தது. முந்தின நாளே வந்திருக்கும், தனக்கா மறைத்துவிட்டது. பிள்ளைக்கு உடம்பு கதகதவென்று இருந்தால் முதலில் முகத்தைக் கழுவி வெளிச்சத்தில் பாருங்கள்.

மாமியார் மணல்வாரி (தட்டம்மை) என்றார். சயாமா (நர்சம்மா) வந்து என் விரலைப் பிடித்து அவன் காதுக்குப் பின்னால் வைத்தார். பட்டாணி போல இரண்டு மூன்று உருண்டன; அழுத்தியதும் முகம் சுளித்தான். பிடரியிலும் அப்படியே. இப்படி நெறி கட்டினால் ரூபெல்லாவாக இருக்கலாம் என்றார். மணல்வாரியில் காய்ச்சல் கொதிக்கும், இருமலும் மூக்கொழுகலுமாகக் கண் சிவந்து பிள்ளை துவண்டுவிடும். ரூபெல்லாவில் காய்ச்சல் லேசு. தடிப்பு முகத்தில் தொடங்கிக் கீழே இறங்கி மூன்று நாளில் அடங்கும். பர்மியர்கள் ஜைத்தோ என்பார்கள். ஆனாலும் ரத்தப் பரிசோதனை இல்லாமல் உறுதியாகச் சொல்ல முடியாது.

இதற்கென்று தனி மருந்து கிடையாது. காய்ச்சலுக்கு எடைக்கேற்ற பாராசிட்டமால், கஞ்சி, இளநீர், ஓய்வு போதும். ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுப்பதும் வீண், இது வைரஸ். வலிப்பு, விடாத தலைவலி, கழுத்து விறைப்பு, மூக்கில் ரத்தம், தோலில் ஊதாப் புள்ளிகள் என்று எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. மாமியார் வாசலில் வேப்பிலை செருகினார். அது நல்லதுதான், ஆட்கள் உள்ளே வரமாட்டார்கள்.

அப்புறம் சயாமா கேட்ட கேள்விதான் வயிற்றைக் கலக்கியது: "வீட்டில் யாராவது முழுகாமல் இருக்கிறார்களா?"

என் ஓரகத்திக்கு அப்போது இரண்டு மாதம். அவள் மடியில்தான் அவன் தினமும் தூங்குவான். முதல் 12 வாரத்தில் தாய்க்கு இது தொற்றினால் பத்தில் ஒன்பது கருக்கள் வரை பாதிக்கப்படலாம்: கண்புரை, காது கேளாமை, இதயக் கோளாறு, சில சமயம் கரு கலைந்தும் போகும். உடனே அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றேன். அது மட்டும் போதாது என்றார் சயாமா. தடிப்பு வருவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து, வந்து ஒரு வாரம் வரை தொற்றும். அதற்குள் மடியில் எத்தனை தடவை தூங்கியிருப்பான்! அன்றைக்கே அவளை டாக்டரிடம் கூட்டிப்போய் ரத்தம் கொடுத்தோம். சிறுவயதிலேயே அவளுக்கு வந்துபோயிருக்கிறது, எதிர்ப்புச் சக்தி இருந்தது. முடிவு வரும்வரை அவள் சரியாகச் சாப்பிடவே இல்லை. உங்கள் வீட்டிலும் இப்படி நேர்ந்தால் கர்ப்பிணிக்குத் தடிப்பு வருகிறதா என்று காத்திருக்காதீர்கள், பலருக்குத் தடிப்பே வராது.

அப்போது இங்கே பர்மாவில் அரசுத் தடுப்பூசியில் ரூபெல்லா இல்லை. 2015 தொடக்கத்தில்தான் 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் தட்டம்மையோடு சேர்த்துப் போட்டார்கள். ஏற்கெனவே வந்தவனுக்கும் போடலாமா என்று கேட்டேன். தாராளமாக, தட்டம்மைக்கும் சேர்த்துத்தானே என்றார்கள். இப்போது 9 மாதத்தில் ஒன்று, ஒன்றரை வயதில் ஒன்று. இரண்டாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அட்டையை எடுத்துப் பாருங்கள். கல்யாணமாகப் போகும் பெண்கள் போடாதிருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளட்டும். போட்டபின் ஒரு மாதம் கருத்தரிக்கக் கூடாது, கர்ப்பமாக இருக்கும்போது போடவும் கூடாது.