குளிரில் கார் உதறிக்கொண்டு ஸ்டார்ட் ஆகிறதா? நாம் செய்யும் தவறுகள்

குளிர் நாளில் முதல் ஸ்டார்ட்டுக்கு மட்டும் முரண்டு பிடிக்கும் காரில் ஒரு தொல்லை உண்டு. கோளாறு ஒரு நாளைக்கு ஒரே ஒரு முறைதான் முகத்தைக் காட்டும். என்ஜின் கொஞ்ச நேரம் ஓடிச் சூடானதும் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். நாம் என்ன செய்கிறோம்? எப்படியோ கிளப்பி, மெக்கானிக்கிடம் ஓட்டிப்போய், சூடான வண்டியைக் காட்டி "காலையில் உதறுது" என்கிறோம். அவர் சாவியைத் திருப்புகிறார், பட்டென்று எடுக்கிறது. அப்புறம் ஊகத்தில் ஸ்பார்க் பிளக்கை மாற்றுவார், நாம் பில்லைக் கட்டுவோம். மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் கிளைக்கிறது. முந்தின இரவே வண்டியை வொர்க்‌ஷாப்பில் விட்டுவிடுங்கள், முதல் ஸ்டார்ட் மெக்கானிக் கையாலேயே நடக்கட்டும். அதற்கு வழியில்லை என்றால், அந்த முதல் பத்து நொடியைச் சத்தத்தோடு போனில் பிடித்து வையுங்கள்.

அந்தச் சத்தத்தில்தான் விஷயம் இருக்கிறது. செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றுகிறதா? பேட்டரி, டெர்மினல், எர்த் ஒயர், ஆயில் இவற்றைப் பாருங்கள். செல்ஃப் வழக்கமான வேகத்தில் சுற்றியும் என்ஜின் பிடிக்க நேரமாகிறதா? பெட்ரோல் வரத்தையோ தீப்பொறியையோ பாருங்கள். உடனே பிடித்து, பிறகு உதறுகிறதா? மிஸ்ஸிங் (ஏதோ ஒரு சிலிண்டரில் எரிபொருள் பற்றாமல் போவது), ஏர் லீக், என்ஜினுக்குக் காற்றை அளந்துவிடும் த்ராட்டில் பாடியில் அழுக்கு என்று போக வேண்டும். இந்த மூன்றையும் "ஸ்டார்ட்டிங் டிரபிள்" என்று ஒரே பெயரில் சொல்லிவிடுவதால்தான் தேவையில்லாத பாகங்கள் மாறுகின்றன.

செல்ஃப் இழுத்தால் எல்லோரும் முதலில் பேட்டரியை மாற்றுவார்கள். சந்தேகம் நியாயம்தான். மைனஸ் 18 டிகிரியில் நல்ல பேட்டரிகூடத் தன் சக்தியில் ஏறக்குறைய பாதியை இழக்கும், ஆயிலும் கெட்டியாகி என்ஜினைச் சுற்றுவது கடினமாகும். ஆனால் மாற்றும் முன் மல்டிமீட்டரை எடுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். இந்த ஒரு எண்ணோடு நிறுத்துவதும் தவறு, ஏனென்றால் சும்மா நிற்கும்போது நன்றாகக் காட்டிவிட்டு செல்ஃப் அடித்தவுடன் சரிந்துபோகும் பேட்டரிகள் உண்டு. ஒருவர் சாவியைத் திருப்ப, இன்னொருவர் மீட்டரைப் பார்க்கட்டும். 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம், கடுங்குளிரில் இன்னும் கொஞ்சம் இறங்குவது இயல்பு. அடுத்து மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் கம்பத்திலும் மறுமுனையை என்ஜினின் வெறும் உலோகத்திலும் வைத்து மறுபடி செல்ஃப் அடியுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. அரை வோல்ட்டைத் தாண்டினால், குற்றவாளி பூத்துப்போன டெர்மினலோ தளர்ந்த எர்த் ஒயரோதான், புதுப் பேட்டரி போட்டாலும் அதே இழுப்பு தொடரும்.

செல்ஃப் நன்றாகச் சுற்றும் வண்டியில் பலரும் எட்டிப் பார்க்காத ஒரு பாகம், என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் வெப்ப சென்சார். என்ஜின் குளிர்ந்திருக்கிறது என்று வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதுதான், அதை வைத்துத்தான் கூடுதல் பெட்ரோல் ஊற்றப்படுகிறது. நானும் இதில் ஏமாந்தவன்தான். நான்கு பிளக்கையும் மாற்றி, த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்தும் உதறல் போகவில்லை. ஒரு விடியலில் ஸ்டார்ட் செய்யும் முன் சாவியை ஆன் மட்டும் செய்து, சென்சார் அளவுகளைப் படித்துக் காட்டும் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தேன். உள்ளே இழுக்கும் காற்று 9 டிகிரி, கூலன்ட் 58 டிகிரி! இரவு முழுக்க நின்ற வண்டி இது. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டிய நேரம். என்ஜின் சூடாக இருப்பதாக நம்பி, கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைத்துக்கொண்டிருந்தது. ஒரு சென்சாரோடு முடிந்தது. எச்சரிக்கை விளக்கு கடைசிவரை எரியவே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சிலர் சாவியை இரண்டு மூன்று முறை ஆன், ஆஃப் செய்துவிட்டு ஸ்டார்ட் செய்வார்கள், உடனே எடுத்துவிடும். இதை மருந்தாக வைத்துக்கொள்வது தவறு, உண்மையில் இது சோதனை. ஒவ்வொரு ஆனுக்கும் பம்ப் சில நொடி ஓடி அழுத்தம் ஏற்றுகிறது. அப்படிச் செய்தால் மட்டும் எடுக்கிறது என்றால், இரவில் எரிபொருள் அழுத்தம் எங்கோ வடிகிறது: பம்பின் வால்விலோ, சொட்டும் இன்ஜெக்டரிலோ.

ஆக்சிலரேட்டரைப் பம்ப் பண்ணுவது கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். இன்ஜெக்டர் வண்டியில் காலை எடுத்துவிடுங்கள். செல்ஃபையும் பத்து நொடிக்கு மேல் பிடிக்காமல், அரை நிமிடமாவது ஆறவிட்டு மறுபடி முயலுங்கள். எடுத்ததும் ரேஸ் பண்ணுவதும் வேண்டாம், ஆயில் மேலே எட்டும் முன்பே உலோகம் உலோகத்தில் உரசும். அரை நிமிடம், ஒரு நிமிடம் போதும், பிறகு நிதானமாக ஓட்டினாலே சூடாகும். மூடிய ஷெட்டுக்குள் சூடேற்றுவதை நினைக்கவே வேண்டாம், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. 5டபிள்யூ-30 ஆயில் கேட்கும் என்ஜினில் அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றியிருந்தால் குளிரில் அது தேன்போல நகரும். அந்த டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்துதான்.

டீசல் வண்டி என்றால் டாஷ்போர்டில் சுருள் வடிவ விளக்கு அணையும்வரை பொறுங்கள். சிலிண்டரை முன்கூட்டிச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் ஒன்று செத்திருந்தால் அந்த சிலிண்டர் மட்டும் கொஞ்ச நேரம் தட்டும், வெள்ளைப் புகை வரும். இதற்கு ஈதர் ஸ்பிரே அடிப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். பழுத்த ஹீட்டர் பிளக்கில் ஈதர் பட்டால் நேரங்கெட்டு வெடிக்கும், என்ஜினே உடையலாம்.

பெட்ரோல் வண்டியில் குளிர்காலத்து வெண்புகையைக் கண்டு எல்லோரும் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் அது நீராவிதான், என்ஜின் சூடானதும் மறையும். ஆனால் காலையில் ஒரு சிலிண்டர் மட்டும் சில நொடி மிஸ்ஸிங் ஆகி, புகையில் இனிப்பு வாடை அடித்து, கூலன்ட் அளவும் மெல்ல இறங்கினால், என்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே அடைக்கும் ஹெட் கேஸ்கெட் வழியாக இரவில் கூலன்ட் உள்ளே கசிகிறது என்று சந்தேகியுங்கள். அப்போது கூலன்ட்டை ஊற்றி ஊற்றி ஓட்டாமல், குளிர்ந்த நிலையில் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள்.