ஆடிட்டர் ஆபீஸில் அடுத்த படிக்கு ஏற

வேலூரில் பி.காம் முடித்து ஆடிட்டர் ஆபீஸில் சேரும் தம்பி தங்கைகளுக்கு ஒரு குறிப்பு.

ஆர்டிகிள்ஷிப், அதாவது சி.ஏ. ஆக ஆடிட்டரிடம் எடுக்கும் பயிற்சி, இப்போது 2 வருஷம்தான். 2023 ஜூலைக்கு முன் 3. அதனால் சேரும்போதே, 'என்னென்ன கிளையன்ட் இருக்காங்க சார்?' என்று கேட்டுவிடுங்கள். ஸ்டைபண்டைவிட இது முக்கியம். வெறும் ஜிஎஸ்டி ரிட்டர்ன் மட்டும் போடும் இடத்தில் ரிட்டர்ன் கடைசி நாளான 11-ம் தேதியும் 20-ம் தேதியும் பார்த்தே காலம் ஓடிவிடும்.

நம்ம பக்கம் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி தோல் ஏற்றுமதி கம்பெனிகள் இருக்கே, அதுதான் நமக்கு வரம். மார்ச் 31 ஸ்டாக் எடுக்க அனுப்பினால் தயங்காமல் போங்கள். வெட் ப்ளூ (பாதி பதப்படுத்திய தோல்) எத்தனை, ஃபினிஷ்டு லெதர் எத்தனை சதுர அடி, ஜாப் ஒர்க்குக்கு வெளியே போன சரக்கு எது என்று நீங்களே எண்ணி, ரிஜிஸ்டரோடு ஒப்பிட்டு, ஒர்க்கிங் பேப்பரில் (ஆடிட் வேலைக் குறிப்பில்) எழுதுங்கள். ஏற்றுமதிக்கான ஜிஎஸ்டி ரீஃபண்ட் கேட்கும் ஆர்எஃப்டி-01 படிவத்தையும் கேட்டு வாங்கிச் செய்யுங்கள். சீனியராக எடுக்கும்போது, தனியாக ஒரு ஆடிட்டை முடிக்க முடியுமா என்றுதான் பார்ப்பார்கள்.

சி.ஏ. முடிக்காமலும் சீனியர் அசிஸ்டன்ட் வரை வரலாம், நல்ல சம்பளமும் உண்டு. ஆனால் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டு அந்த ரிப்போர்ட்டுக்கான 18 இலக்க அடையாள எண்ணான யூடிஐஎன் எடுக்க, பிராக்டிஸ் சர்டிஃபிகேட் உள்ள சி.ஏ.வால் மட்டுமே முடியும். பார்ட்னர் ஆசை இருந்தால், செப்டம்பர் டாக்ஸ் ஆடிட் நெருக்கடியிலும் சி.ஏ. ஃபைனல் பரீட்சைக்குக் காலையில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.